தொட்டியில் போட்ட அளவுகள்

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் தையல் மெஷின்கள் மூன்றும் சுகம். அங்கே நீயும் குடும்பமும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமில்லாமல் கிடப்பது நீ கடைக்கு வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் மட்டும்தான். போனில் சொன்னால் "மீட்டிங்ல இருக்கேன்ணே, அப்புறம் கூப்பிடறேன்" என்பாய். அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தைப் போன் மாதிரி நடுவில் கட் பண்ண முடியாது.

காலையில் கடையைத் திறந்து பொத்தானை அமுக்கினால், நான் இரண்டு சட்டைக்குக் காஜா எடுத்து முடிக்கும்போதுதான் முகப்பு வருகிறது. வந்ததும் ஒரு வட்டம் சுற்றுகிறது. அது நின்றால் "எதிர்பாராத பிழை ஏற்பட்டது" என்று ஒரு பெட்டி முளைக்கிறது. எதிர்பாராதது என்று அதுதான் சொல்லிக்கொள்கிறது, நானும் அண்ணியும் தினமும் ஒன்பதரைக்கு அதை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். கீழே "சரி" என்று ஒரு பொத்தான். எதுவுமே சரியில்லாதபோது எத்தனை தடவைதான் சரி என்று அமுக்குவது, நீயே சொல். நீ சொன்னபடி அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் சொருகினேன். வைரஸ் பிடிக்க ஒரு காவல்காரனைப் போடச் சொன்னாய், போட்டேன். ரிப்பேர்க்காரர் வந்து இன்னொன்றைப் போட்டார். இரண்டும் ஒன்றையொன்று திருடன் என்று பிடித்துக்கொண்டன. அவர் மூடியைக் கழற்றி, காற்றாடியில் சுற்றியிருந்த நூலையும் பஞ்சையும் உருவி எடுத்து, "இதுல ஒரு தலையணையே தைக்கலாம் மாஸ்டர்" என்றார். அண்ணி அதை வாங்கி, ஊசி குத்தி வைக்க ஒரு சின்ன மெத்தையாகத் தைத்துக்கொண்டாள். அந்தக் கம்ப்யூட்டரால் கடைக்கு உருப்படியாகக் கிடைத்தது அதுதான்.

போன வாரம் பஸ் கம்பெனி மேலாளர் வந்தார். நாற்பத்திரண்டு டிரைவர்களுக்குச் சீருடை, இருபதாம் தேதிக்குள் வேண்டும், பழைய அளவே போதும் என்றார். சொன்ன தேதி தவறினால் இனி வேறு கடை என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். அளவைக் காட்டலாம் என்று கம்ப்யூட்டரைத் தட்டினேன். "புதுப்பிக்கப்படுகிறது, அணைக்க வேண்டாம்" என்றது. அவர் நின்றார், நான் நின்றேன், அதுவும் முப்பது சதவீதத்தில் நின்றது. அவர் போனதும் உன்னைக் கூப்பிட்டேன்.

"டிஸ்க் நிரம்பிப் போச்சுண்ணே. தொட்டியைக் காலி பண்ணுங்க, பறக்கும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அதுல என்ன இருக்கப் போகுது?"

காலி செய்தேன். பறக்கிறது தம்பி. சுமக்கத்தான் அதில் ஒன்றும் இல்லை.

திரையில் எல்லாவற்றையும் தமிழில் வர வைத்தது நீதான். அதில் ஒரு படத்துக்குக் கீழே "மறுசுழற்சித் தொட்டி" என்று இருந்தது. என் வெட்டுமேஜைக்கு அடியில் ஒரு பெட்டி இருப்பது உனக்குத் தெரியும். மிச்சத் துணி, கழற்றிய பொத்தான், நல்ல ஜிப் எல்லாம் மறுபடி உதவும் என்று அதில்தான் போடுவேன். இதுவும் அதே பெட்டிதான் என்று நினைத்து, மறுபடி தைக்க வரக்கூடிய அத்தனை பேரின் அளவுச் சீட்டையும் படம் பிடித்துப் பத்திரமாக அதிலேயே போட்டு வைத்திருந்தேன். ஆயிரத்து நூற்று ஆறு பேர். காகிதச் சீட்டுகளை "இனி எதுக்குண்ணே இந்தக் குப்பை" என்று நீ சொன்ன அன்றைக்கே எரித்தாயிற்று. அழிக்கும் முன்னால் "நிச்சயமாகவா?" என்று கேட்டது. இத்தனை நாளில் அது என்னிடம் மரியாதையாகக் கேட்ட ஒரே கேள்வி. ஆம் என்றேன்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "நாற்பத்திரண்டு பேருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கத்தரியை உறையில் போட்டாள். முப்பது வருடம் கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தவன், ஒரே அமுக்கலில் நேற்றுக் கடை திறந்தவன் ஆகிவிட்டேன். அழித்ததை மீட்க வழி உண்டு என்கிறார் ரிப்பேர்க்காரர். அவர் கை வைத்தால் மிச்சமும் போகும். ஆகவே எல்லா வேலையையும் போட்டுவிட்டு உடனே புறப்பட்டு வா.

உன் மனைவியை நாங்கள் கேட்டதாகச் சொல். குழந்தைகள் தலையில் நான் கை வைத்ததாக நினைத்துக்கொள். நோய் நொடியில்லாமல் இருங்கள்.

இப்படிக்கு,
அலுத்துப்போன உன் அண்ணன்

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் மேலாளரிடம் உண்மையைச் சொல்லி, டிரைவர்களையே அனுப்பச் சொல்லிவிட்டேன். முந்தாநாளிலிருந்து வந்து போகிறார்கள். மூன்று வருடத்துக்கு முன் நான் தைத்த கால்சட்டையோடுதான் எல்லாரும் வந்தார்கள். உட்கார்ந்தே செய்யும் வேலை, பாதிப் பேர் பொத்தானைப் போடாமல் பெல்ட்டால் சமாளிக்கிறார்கள், மீதிப் பேர் வயிற்றை எக்கித்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் இளைத்துப்போய்க் கையால் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவருக்குக்கூடப் பழைய அளவு சேரவில்லை. அதை வைத்து வெட்டியிருந்தால் நாற்பத்திரண்டும் திரும்பி வந்திருக்கும். அண்ணி கத்தரியை வெளியே எடுத்துவிட்டாள். அதனால் எதையும் மீட்க நீ வர வேண்டாம். ஆனாலும் வா. உன் கல்யாணச் சட்டைக்கு எடுத்த அளவும் அதில்தான் போயிற்று. ஒன்பது வருடம் ஆகிறது தம்பி, இப்போது உன் தோள் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியாது.