உறை ஒப்பீட்டுக் கழகமும் ஒரு கறுப்புக் கோடும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு டோபி கடைக்கு மேல் மாடியில, சனிக்கிழமை சாயங்காலம் ஆனா நாட்டுக்கு ரொம்ப முக்கியமான வேலை ஒன்னு நடக்கும். அமெரிக்காவுல எப்பவோ வந்த ஜாஸ் ரெக்கார்டோட கவர எடுத்துக்குவோம். அதே ரெக்கார்ட இப்ப மறுபடி அச்சடிச்சு விக்கிறாங்களே, அந்த ரீஇஷ்யூ கவரையும் எடுத்துக்குவோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு என்ன வித்தியாசம்னு பாப்போம். அவ்ளோதான். பேரு, ஜாஸ் இசைத்தட்டு உறை ஒப்பீட்டுக் கழகம். நானும் மெம்பர்.

ரெக்கார்டு போட்டுக் கேக்கிறது எங்க வேலை இல்ல. பிளேயரே கிடையாது. ஒருதரம் ஒன்னு வாங்கலாம்னு பேச்சு வந்துச்சு. தட்ட வெளிய இழுத்தா கவரோட வாய் விரிஞ்சிடும் என்ற காரணத்தால் மேற்படி யோசனை ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது.

தலைவர் சண்முகரத்தினம் அங்கிள். சிலோன்காரரு, அரசாங்க உத்தியோகத்துல பெரிய கிராணியா, தலைமைக் குமாஸ்தாவா இருந்தவரு. பென்சன் வாங்கிட்டு வரும்போது ஆபீஸையும் கூடவே கொண்டாந்துட்டாரு. எழுத்து சைஸுக்கு ஒரு துணைக்குழு, மூலை மடிப்புக்கு ஒரு துணைக்குழு. மூலை மடிப்புக்கு நான்தான் செயலாளர். மெம்பரும் நான் மட்டும்தான். கோரம் இல்லைன்னு ரெண்டு கூட்டத்த நானே தள்ளி வச்சிருக்கேன்.

இங்கதான் விஜயன் வந்தான். சாலாக் செலாத்தான் பக்கத்துப் பையன், சுபாங் ஜெயாவுல ஏர்கோன் ரிப்பேர் வேலை. ஜாஸ்னா என்னன்னு அவனுக்குத் தெரியாது. அங்கிள் மக சந்திரகலாவத் தெரியும். ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அங்கிள் தலையாட்டணும், அதான் பாக்கி. வீட்டுல போய்க் கேட்டா அவரு எப்பவும் கவர் தொடச்சிக்கிட்டு இருக்காருன்னு, கூட்டத்துக்கே வந்து கேட்டுட்டான்.

அங்கிள் கோவப்படல. "நான் சாதி பாக்கிற ஆளில்லைத் தம்பி. ஒரிஜினலோ ரீஇஷ்யூவோ, அதை மட்டுந்தான் பாக்கிறனான்."

"மனுசனுக்குமா அங்கிள்?"

"உம்முடைய தாத்தா எப்ப வந்தவர்?"

"டெங்கில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்ட. உங்க அப்பாவுக்கு முன்னாடியே வந்துட்டாருலா."

"எப்ப வந்தவர் எண்டது முக்கியமில்லை. எந்தக் கவரிலை வந்தவர் எண்டதுதான் முக்கியம்."

அங்கிளோட அப்பா, சர்க்கார் கையெழுத்துப் போட்ட நியமன உத்தரவோட கப்பல் ஏறினவராம். கடைசியில அங்கிள் ஒரு வழி சொன்னாரு. கழகம் இதுவரைக்கும் பாக்காத ஒரு கவரக் கொண்டு வந்தா, விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

விஜயன் அலையாத இடமில்ல. கிள்ளான்ல ஒரு கடைக்காரர் மூலமா ஜப்பான்ல இருந்து ஒரு ரீஇஷ்யூ வர வச்சான். கவர்ல ஒரு பொம்பள பியானோ பக்கத்துல திரும்பி நிக்கும். முதுகு தொறந்த கவுன். ஜப்பான்காரன் அந்தப் படத்த இன்னும் கொஞ்சம் பெரிசாக்கியிருந்தான். எங்க யார்கிட்டயும் இல்லாத கவர்.

ஆனா கப்பல்ல வர்ற படங்களப் பாக்கிறதுக்குன்னு கிள்ளான் துறைமுகத்துல ஒரு ஆபீஸ் இருந்துச்சு. பேரு கண்ணியப் பாதுகாப்புப் பிரிவு. அங்க ரெங்கசாமின்னு ஒரு ஆபீஸரு, கையில தடிமனா ஒரு கறுப்பு மார்க்கர். அந்தப் பொம்பள முதுகுக்குக் குறுக்கால பட்டையா ஒரு கோடு போட்டு, நல்லாக் காய வச்சு அனுப்பிட்டாரு.

விஜயன் கவர எங்கிட்டக் கொண்டாந்து காட்டினான். முடிஞ்சிடுச்சுண்ணே, கலாவுக்கு வீட்டுல சிங்கப்பூர் டாக்டர் மாப்பிள்ளை பேசப் போறாங்கன்னான். ஆனா வேற கவர் இல்ல. அதையே கொண்டு போய் மேசையில வச்சோம்.

அங்கிள் பூதக்கண்ணாடி வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. அப்புறம் கழகச் செயலாளர் சீவரத்தினம் அங்கிள் பாத்தாரு. கீழ டோபி இஸ்திரி போடுற சத்தம்தான் கேட்டுச்சு.

"இது அமெரிக்காவிலையும் இல்லை, ஜப்பானிலையும் இல்லை," அங்கிள் பூதக்கண்ணாடியக் கீழ வச்சாரு. "உலகத்திலை ஒண்டே ஒண்டு."

அது அன்னிக்கே மலேசியப் பதிப்பாக அங்கீகரிக்கப்பட்டது. சந்திரகலா கல்யாணம், இதர விஷயங்கள்ங்கிற தலைப்புல, ஆட்சேபனை இல்லாமல் நிறைவேறியது.

அடுத்த வாரத்துல இருந்து கோடு இல்லாத கவர யாரும் மதிக்கல. அவங்கவங்க கவர மடியில வச்சு, சீவரத்தினம் அங்கிள் காடியில நெருக்கி உக்காந்து, கழகமே கோடு போடக் கிள்ளானுக்குப் போச்சு. ரெங்கசாமி முதல் கவரத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"இது வெறும் டிரம்பெட்டுதானே சார். இதுல நான் என்னத்த மறைக்கிறது?"

"வடிவாப் பாரும் தம்பி," சீவரத்தினம் அங்கிள் சொன்னாரு. "உடம்பிலை ஒரு துணி இருக்கோ?"

ரெங்கசாமி விதிப் புஸ்தகத்தப் புரட்டினாரு. வாத்தியங்களுக்கு விலக்கு உண்டுன்னு எங்கயும் எழுதல. போட்டாரு ஒரு கோடு. அப்புறம் பியானோவுக்குக் கால் தெரியுதுன்னு ஒன்னு, டிரம்ஸ் ஒன்னு மேல ஒன்னு சாஞ்சிருக்குன்னு ஒன்னு. கொஞ்ச நாள்ல, பட்டையா வேணுமா மெலிசா வேணுமான்னு அவரே கேக்க ஆரம்பிச்சிட்டாரு.

கல்யாணக் கார்டு அச்சாகி வந்துச்சு. ஒரே மகளுக்குச் சும்மா கார்டு கொடுக்க அங்கிளுக்கு மனசு வரல. பொண்ணு வீட்டுக் கார்டு எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கிள்ளானுக்குத் தூக்கிட்டுப் போனாரு. மாப்பிள்ளை வீட்டுக் கார்டு சும்மாவே போகட்டும், சாலாக் செலாத்தான்ல யாரு இதெல்லாம் பாக்கப் போறான்னுட்டாரு. கோடு எங்க போடணும்னு அதுக்குன்னு போட்ட துணைக்குழு ஏற்கனவே முடிவு பண்ணியிருந்துச்சு. விஜயன் கவர்ல எந்த உயரத்துல இருக்கோ, அதே உயரத்துல. அந்தக் கவர்ல ரூலர் வச்சு அளந்து கொடுத்தது நான்தான், கார்ட அப்ப நான் பாக்கல.

"அங்க என்னமோ எழுதியிருக்கே சார்," ரெங்கசாமி கேட்டாரு.

"எழுத்தைப் பாராதையும். இடத்தைப் பாரும்," அங்கிள் விரல் வச்சுக் காட்டினாரு.

அந்த இடத்துலதான் தேதி, நேரம், மண்டபம் மூனும் இருந்துச்சு.

என் கார்டு கைக்கு வந்துச்சு. கோடுன்னா அதான் கோடு, பிசிறே இல்ல. எப்ப கல்யாணம்னு மட்டும் தெரியல. கேக்கலாம்னு வாயெடுத்தேன். கேட்டா, நம்மள கார்டப் படிக்கிற ஆளுன்னு நெனச்சிடுவாங்களேன்னு மூடிக்கிட்டேன். எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காங்க. சனிக்கிழமை மாடியில கூடி கோட்டப் பத்தியே பேசினோம். யாராவது வாய் தவறி தேதியச் சொல்லுவாங்கன்னு ஒருத்தர் வாய ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம். ஞாயித்துக்கிழமை வந்தா நான் வேட்டி கட்டி ரெடியா உக்காந்துடுவேன்.

கல்யாணம் ஒரு புதன்கிழமை நடந்து முடிஞ்சிடுச்சு.

விஜயன் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். சாலாக் செலாத்தான்ல இருந்து பஸ் வச்சு வந்து, மாப்பிள்ளை பக்கம் நிக்க இடமில்லையாம். பொண்ணு பக்கம் அங்கிள், ஆன்டி, அப்புறம் ரெங்கசாமி. மறைக்கணும்னா படிச்சாகணுமே, அதனால அவருக்கு மட்டும் தேதி தெரிஞ்சிருக்கு. மொய்க் கவரோட நேரத்துக்கு வந்துட்டாரு. காலி நாற்காலியெல்லாம் பாத்துட்டு சந்திரகலா மாலையும் கழுத்துமா, "அப்பா, உங்க ஆளுங்க இன்னும் கவருக்குள்ளயே இருக்காங்களா?"ன்னு கேட்டாளாம். விஜயன் சிரிச்சதுல தாலி கட்டுறது கொஞ்சம் லேட்டாம்.

அடுத்த சனிக்கிழமை அங்கிள் மாடி ஏறி வந்த வேகத்தப் பாத்து நாங்க எந்திரிச்சு நின்னுட்டோம். ஏன் ஒருத்தரும் வரேல்லைன்னு மேசையத் தட்டினாரு.

"மறைச்சு வச்சதை வாசிக்கிறது மரியாதையோ, தலைவர்?" சீவரத்தினம் அங்கிள் மெதுவாக் கேட்டாரு.

அங்கிள் யோசிச்சாரு. விதிப்படி அது சரியாத்தான் இருந்துச்சு. உக்காந்தாரு. எங்க கார்டெல்லாம் மேசையில வரிசையா, மூலை மடியாம, புத்தம் புதுசா இருந்துச்சு. அதப் பாக்கப் பாக்க அவர் முகம் மாறிச்சு.

"கோடு போட்டது எல்லாரிட்டையும் இருக்கு," ன்னாரு. "கோடு போடாதது ஆரிட்டை இருக்கு?"

யார்கிட்டயும் இல்ல. உடனே காடிய எடுத்துக்கிட்டு சாலாக் செலாத்தானுக்கு ஓடினோம். விஜயனோட அம்மா லெட்சுமி ஆன்டி சமையல் கட்டுல இருந்தாங்க. வந்த விஷயத்தச் சொன்னோம். எங்கள மேலயும் கீழயும் பாத்தாங்க.

"கல்யாணத்துக்குப் போயாச்சு, சாப்பிட்டாச்சு. அப்புறம் கார்டு எதுக்குலா? எல்லாரும் அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டாங்க."

அப்புறம் என்னமோ ஞாபகம் வந்து, மஞ்சத்தூள் டின்னத் தூக்கி, அடியில இருந்து ஒன்ன உருவிக் கொடுத்தாங்க. தேதி, நேரம், மண்டபம், எல்லாம் பளிச்சுன்னு இருந்துச்சு. அத யாரும் பாக்கல. நடுவுல டின் வச்ச இடம் வட்டமா மஞ்சளாயிருந்துச்சு. அங்கிள் பூதக்கண்ணாடிய வச்சுக் குனிஞ்சாரு.

"சம்பந்தி, இந்த மஞ்சள் கலியாணத்தண்டு பட்டதோ?"

"இல்லீங்க. நேத்துதான் மில்லுல அரைச்சது."

அங்கிள் முகம் வாடிப் போச்சு. "ரீஇஷ்யூ," ன்னு சொல்லி கார்ட மேசையில வச்சுட்டாரு.

பரவால்ல, நான் எடுத்துக்கிறேன்னு கையத் தூக்கினேன். திரும்பிப் பாத்தா, கழகமே கையத் தூக்கிக்கிட்டு நிக்குது.