அக்னெஸ் விற்க மறுத்த துப்பாக்கி

துப்பாக்கி வாங்க வந்த இடத்தில் ஒத்மாருக்கு ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. ரொம்ப நன்றாகச் சுட்டுவிட்டார்.

பத்துக் குண்டு, ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் பத்துப் புள்ளி. பத்தும் சுட்டு முடித்த பிறகுதான், படுத்துச் சுடும் பாய்க்குப் பக்கத்திலிருக்கும் குட்டித் திரையில் மொத்தம் தெரியும். ஐந்தாம் நம்பர்ப் பாயில் குப்புறப் படுத்திருந்த ஒத்மாரின் திரையில் தொண்ணூற்றேழு என்று வந்தது.

அவர் தன் வாழ்நாளில் அறுபத்தைந்தைத் தாண்டியதில்லை.

ஒத்மார் மலைப்பாதையில் மஞ்சள் பஸ் ஓட்டுபவர். அவருடைய ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் வருஷாந்திரப் போட்டியில் கடைசியாக வருகிறவர்தான் அன்றைய விருந்தின் பாத்திரங்களைக் கழுவ வேண்டும். பதினோரு வருஷமாகக் கழுவிக்கொண்டிருக்கிறார். தட்டுகளைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; சீஸ் உருக்கிய சட்டிகளின் அடியைச் சுரண்டுவதற்குள் உயிர் போய்விடும். போன பிறந்தநாளுக்கு மனைவி பெர்ட்டா அவர் பெயரைத் தைத்து ஒரு ஏப்ரன் பரிசளித்திருந்தாள்.

குறை தன் கையில் இல்லை, துப்பாக்கியில்தான் என்று பன்னிரண்டாம் வருஷம் அவருக்குத் தோன்றியது. மற்றவர்களுக்கு இரண்டாம் வருஷமே தோன்றியிருக்கும். ஒத்மார் நிதானமான மனிதர்.

அப்போதுதான் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து விளம்பரம் வந்தது. அக்னெஸ் போர்ட்மான், சீஸ் பண்ணைக்காரி, ஏழு முறை பள்ளத்தாக்குச் சாம்பியன். புதுசு வாங்கிவிட்டதால் பழைய துப்பாக்கியை விற்கிறாள். ஆனால் படுத்துச் சுட்டுப் பார்க்காதவனுக்கு விற்க மாட்டாளாம்.

அதனால்தான் இந்தச் சனிக்கிழமை காலை அவள் ஊர்த் துப்பாக்கி சுடும் கூடத்தில் இருவரும் படுத்திருந்தார்கள். முந்நூறு மீட்டர் தள்ளி, சரிவில் குறிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு நம்பர்ப் பலகை. பாய்க்கு என்ன நம்பரோ, அந்த நம்பர் குறியைச் சுட வேண்டும். ஐந்தாம் பாயில் பழைய துப்பாக்கியோடு ஒத்மார். நாலாம் பாயில், சும்மா துணைக்கு, புதுத் துப்பாக்கியோடு அக்னெஸ்.

அவள் திரையில் அறுபத்தொன்று.

அக்னெஸ் காதடைப்பைக் கழற்றினாள். திரையைத் தட்டினாள். பிறகு எழுந்து வந்து ஒத்மாரின் திரையைப் பார்த்தாள்.

"ஒப்பந்தத்தைக் கொடுங்க."

"ரெண்டு பிரதிலயும் கையெழுத்துப் போட்டாச்சே! துப்பாக்கி வாங்கக் கேட்ட என் நன்னடத்தைச் சான்றிதழ்கூட உங்ககிட்டத்தானே இருக்கு."

"உங்க நடத்தை நல்லாத்தான் இருக்கு. துப்பாக்கி விற்பனைக்கு இல்ல." பழைய துப்பாக்கியைக் குழந்தையை வாங்குவதுபோல வாங்கிக்கொண்டாள். "இவ்வளவு அருமையா சுடுற சாமானை வித்துட்டு, அந்தப் புதுக் கழிசடையைக் கட்டிட்டு அழ எனக்கென்ன பைத்தியமா?"

"இருநூறு ஃப்ராங்க் கூடத் தர்றேன்."

"பசுமாட்டைக் கூடச் சேர்த்துத் தந்தாலும் வேண்டாம்."

ஒத்மாரின் கண்முன் சீஸ் சட்டிகள் வரிசையாக வந்து நின்றன. விட மனசில்லை.

"ஏங்க, அது குருட்டு அதிர்ஷ்டம்ங்க. இன்னொரு பத்து சுடுறேன். எவ்வளவு மட்டமான துப்பாக்கின்னு நீங்களே பாருங்க."

மறுபடி படுத்தார்கள். இம்முறை ஒத்மார் தந்திரமாகக் குறியின் ஓரம் பார்த்துச் சுட்டார். இரண்டு குண்டு புல்லுக்கே போயிருக்கும் என்று நம்பினார். மோசமாகச் சுடுவது அவருக்குக் கைவந்த கலை. வேண்டுமென்றே செய்வது இதுதான் முதல் தடவை.

அவர் திரையில் தொண்ணூற்றெட்டு. அவள் திரையில் முப்பத்தெட்டு.

"முப்பத்தெட்டா?" என்றபடி, சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்த அந்த ஊர்ச் சங்கத் தலைவர் சேவர் இடுக்கியோடு அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். "ஏம்மா அக்னெஸ், கண்ணைத் திறந்துக்கிட்டுத்தானே சுட்ட?"

"வாயை மூடு சேவர். துப்பாக்கி சரியில்ல."

"அப்ப மாத்திக்கிட்டுச் சுடுங்க. பழசை நீ வச்சுக்கோ, புதுசை இவருக்குக் கொடு. எது சரியில்லன்னு தெரிஞ்சிடப்போவுது."

இதைவிட நியாயமான யோசனை இருக்க முடியாது என்று மூவருக்குமே பட்டது. துப்பாக்கிகள் கைமாறின. அவரவர் பாயில் அவரவர் படுத்தார்கள். ஒத்மார் குழம்பிப்போயிருந்ததால் எங்கே சுட்டோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஐந்தாம் திரையில் தொண்ணூற்றெட்டு. நாலாம் திரையில் ஐம்பத்தொன்பது.

அடுப்பில் சாசேஜ் கருகத் தொடங்கியது.

"துப்பாக்கி இல்லடா!" சேவர் இடுக்கியைத் தூக்கிக் கத்தினார். "ஆளு! ஆளுதான்யா!"

ஒத்மார் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு வருஷம் சோப்பு நுரையில் ஊறிய கைகள். அதற்குள் இப்படி ஒரு திறமை ஒளிந்திருந்ததா?

அக்னெஸ் பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என் கண்ணு போச்சு சேவர். எனக்கு வயசாயிடுச்சு. இனிமே நான் துப்பாக்கியைத் தொட மாட்டேன்."

"நாளைக்குப் போட்டிம்மா!"

"இவரு சுடட்டும். விருந்தாளி ஒருத்தர் சுடலாம்னு விதியில இருக்கில்ல? என் இடத்தை இவருக்குக் கொடு. துப்பாக்கியும் இவருக்கே. ஒரு காசு வேண்டாம்."

"யாரோட போட்டி?" என்றார் ஒத்மார்.

சேவர் ஊர்ப் பெயரைச் சொன்னார். ஒத்மாரின் சொந்த ஊர்.

போட்டிக்குத் தன் ஊர்ச் சங்கம் தன்னைக் கூப்பிடவே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் தெரியவந்தது. கூப்பிடவில்லை என்பதோடு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை விருந்து முடியும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடு என்று மட்டும் அவர் சங்கத் தலைவர் அலாய்ஸ் நேற்றுச் சொல்லியிருந்தார். எதற்கு என்று இப்போது புரிந்தது.

"பேனா கொடுங்க" என்றார் ஒத்மார்.

கையெழுத்து விழுந்தது. சேவர் சாராயம் கலந்த காபி ஊற்றினார். இரண்டாவது தம்ளரில் ஒத்மாருக்குத் தைரியம் வந்தது. மூன்றாவதில் கைப்பேசி வந்தது. எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு அலாய்ஸைக் கூப்பிட்டார்.

"அலாய்ஸ், நாளைக்கு நான் எதிரணிக்குச் சுடுறேன்."

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு கிளம்பியது. பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"சிரிங்கடா, சிரிங்க! பெர்ட்டாகிட்ட சொல்லி அந்த ஏப்ரன்ல என் பேரைப் பிரிச்சுட்டு உன் பேரைத் தைக்கச் சொல்றேன்."

"பந்தயம் என்னப்பா, சாம்பியன்?"

"நாளைக்கு நான் தொண்ணூறுக்குக் கீழ சுட்டா, ரெண்டு ஊர்ப் பாத்திரத்தையும் நான் ஒருத்தனே கழுவுறேன். முந்நூறு தட்டு! அத்தனை சீஸ் சட்டியும்! இந்த வருஷம் மட்டும் இல்ல, சாகுற வரைக்கும்!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றார் அலாய்ஸ். கேட்டுக்கொண்டார்கள். சேவர் அதை அப்படியே எழுதி, சாட்சிக் கையெழுத்தும் போட்டு, சங்கத்தின் முத்திரையைப் பளீரென்று குத்தினார். எழுதி முத்திரை குத்தியதை மீறியவன் அந்த இரண்டு பள்ளத்தாக்கிலும் இதுவரை பிறக்கவில்லை.

ஒத்மார் பெஞ்சு மேல் ஏறி நின்று பாடினார். சேவர் தாளம் போட்டார். சோகத்திலிருந்த அக்னெஸ்கூட, நல்ல மனுஷி, மூக்கைச் சிந்திவிட்டுக் கைதட்டினாள். ஒத்மாருக்கு இதுபோல ஒரு நாள் அமைந்ததே இல்லை.

அப்போது, குறிகளைப் பராமரிக்கும் மெல்க், பெயிண்ட் டப்பாவோடு சரிவிலிருந்து ஏறிவந்து வாசலில் எட்டிப் பார்த்தான்.

"சேவர், காலையில நாலாம் பாயிலயும் அஞ்சாம் பாயிலயும் யாரும் சுடலையே? நேத்து பெயிண்ட் அடிச்சப்ப நம்பர்ப் பலகை ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிட்டேன், ஒருத்தர் சுட்டதெல்லாம் இன்னொருத்தர் திரையிலதானே விழும்!"