அறுபத்திரண்டு படி

அன்று பூசையில் யாகப்பர் வழக்கம்போலத் தூங்கவில்லை. "தன் எல்லையை ஏற்றுக்கொள்கிறவன் நிம்மதியாக வாழ்வான்" என்று ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஐம்பத்தாறு வயதில், தனக்கென்றே யாரோ பேசியது போலிருந்தது.

காரணம் உண்டு. கெலிஓயாவில் அவர் வீடு மேட்டில். ரோட்டிலிருந்து அறுபத்திரண்டு படி. புது கேஸ் சிலிண்டரைக் கடைக்காரர் கீழ்ப்படியில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். வீடு வந்ததும் மனைவி றோஸ் அதைத் தூக்கிவரச் சொன்னாள்.

"என் முழங்காலுக்கு இருபது படிதான் எல்லை, றோஸ். இன்னைக்கு ஏறி வந்ததே ஆண்டவர் கிருபை."

சண்டைக்கென்று இரண்டு பதில் தயாராக வைத்திருந்தார். இரண்டும் வீணாயின.

"அப்பிடியாங்க? இத்தன நாளா சொல்லாம இருந்துட்டீங்களே. உக்காருங்க."

கதிரை வந்தது. கால் நீட்ட முக்காலி வந்தது. யாகப்பருக்கு ஃபாதர்மேல் பக்தி பெருகியது. அடுத்து இரண்டு தேங்காயும் துருவியும் வந்தன.

"இது என்னத்துக்கு?"

"உக்காந்து செய்ற வேலதானே. முழங்கால் எதுக்கு?"

தேங்காய்க்குப் பின் முருங்கைக்கீரை, கீரைக்குப் பின் ஒரு கிலோ சின்ன வெங்காயம். கைகளின் எல்லையைப் பற்றி ஃபாதர் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் தப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர் கிரிக்கெட் தொப்பியைத் தேடினார். இரண்டரைக்கு ஐம்பது தாண்டியவர்களின் சொஃப்ட்போல் மேட்ச். பதினொரு வருடமாக அவர்தான் கேப்டன். வாழ்க்கையில் அவர் சொல்லி நாலு பேர் கேட்கும் இடம் அது ஒன்றுதான்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"மேட்ச் இருக்குல்ல."

"உங்களுக்கு முடியாதுல்ல? உங்க டீம் றிஸ்வி நானாகிட்ட சொல்லிட்டா அவரே கேப்டனா நின்னுக்குவாரு."

"இறங்கத்தானே போறேன், றோஸ்."

"இறங்கினா ஏறணுமேங்க."

யாகப்பர் இறங்கினார். சிலிண்டரைத் தோளில் ஏற்றினார். அறுபத்திரண்டு படியையும் ஓரிடத்தில்கூட நிற்காமல் ஏறி, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் அதை வைத்துவிட்டுக் கதிரையில் விழுந்தார்.

"இப்ப சொல்லு அந்த றிஸ்விகிட்ட. எனக்கு எல்லையே இல்லன்னு சொல்லு."

"அவருக்கு நான் இன்னும் போனே போடலங்க."

யாகப்பர் தொப்பியை மாட்டிக்கொண்டு எழப் பார்த்தார். வலது முழங்கால் எழவில்லை. இன்னொரு தடவை பார்த்தார். இடதும் எழவில்லை.

றோஸ் போனைக் கையில் எடுத்தாள்.

"இப்ப போடட்டுமாங்க?"