மாப்பிள்ளை அனுப்பிய பூட்டில்லாத போன்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம், நீங்கள் அனுப்பிய போனும் நலம். நிறைமாதமாக இருக்கும் என் மகளின் நலம் அறிய ஆவல். குழந்தை பிறந்த அடுத்த நிமிடமே அழைப்பதாகச் சொல்லித்தானே இந்தப் போனை அனுப்பினீர்கள்? அந்த அழைப்பை முதல் மணியிலேயே எடுக்க நான் தயார் என்று தெரிவிக்கவே இக்கடிதம். போனைப் பற்றிப் போனிலேயே பேசுவது, ஆளை எதிரில் வைத்துக்கொண்டு குறை சொல்வதுபோல இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

அன்லாக் செய்த போன், எந்தக் கம்பெனி சிம்மும் போடலாம் என்று நீங்கள் சொன்னது முழு உண்மை. என் பழைய சிம்மைப் போட்டதும் மரியாதையாக ஏற்றுக்கொண்டது. சிக்னல்தான் வரவில்லை. முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் இதற்கெல்லாம் அசருவேனா? எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் மாடி மாடியாக ஏறிச் சோதித்ததில், நாலாம் மாடிப் பல் டாக்டரின் கிளினிக்குக்குள் மட்டும் இரண்டு கோடு வந்தது. மூன்று நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் நர்ஸம்மா பாவம் பார்த்து என்னை முதல் ஆளாக உள்ளே அனுப்பிவிட்டார். சும்மா வந்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்ததால் வாயைத் திறந்தேன். டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோதுதான் மகள் அழைத்தாள். என் "ஆ… ஊ…"வைக் கேட்டு, தான் நன்றாகத்தான் இருப்பதாக எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதன்பின் போன் கடைக்காரம்மாவிடம் போனேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் அலைவரிசை வேறு வேறாம், அதைத்தான் பேண்ட் என்கிறார்கள். "பூட்டு திறந்துதான் இருக்கு சார். ஆனா உங்க கம்பெனி நம்ம தெருவுல பேசுற அலைவரிசை இந்தப் போனுக்குக் கேக்காது. இது வேற நாட்டுக்குன்னு செஞ்சது" என்றார். அவர் கொடுத்த இரண்டாவது கம்பெனி சிம் குளியலறையில் மட்டும் வேலை செய்தது, அதுவும் கதவைச் சாத்தியிருந்தால். உங்கள் அத்தை வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனாள். மூன்றாவது கம்பெனிக்கு மாறினேன் பாருங்கள், வீடு முழுக்க, லிஃப்டுக்குள்கூட, ஐந்து கோடும் நிமிர்ந்து நிற்கிறது. மூன்று நாளாகப் போன் என் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. இதுவரை ஓர் அழைப்புகூட வரவில்லை. அவ்வளவு அமைதியான, தரமான சேவை.

மகளிடம் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், அப்பா லைனில் இருக்கிறேன். இருவருக்கும், வரப்போகிற மூன்றாமவருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
எந்நேரமும் கிடைக்கக்கூடிய மாமனார்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது உங்கள் அத்தை, "புது நம்பரைப் பிள்ளைங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டாள். சொல்லவில்லை. நான் கழற்றிவைத்த பழைய சிம்மைத் தன் பட்டன் போனில் போட்டாள். போட்ட கையோடு மணி அடித்தது, நான்தான் எடுத்தேன். நேற்றே பெண் குழந்தை பிறந்துவிட்டது என்று நீங்கள் சொல்லச் சொல்ல, அவளும் கேட்கட்டும் என்று போனை அவளிடம் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். குழந்தை யார் ஜாடை என்று கேட்க விட்டுப்போயிற்று. அத்தை போனுக்கு அழைத்துச் சொல்லவும்.