ஒன்பது வினாடி

"ஒன்பது வினாடி, லோர்னா. பக்கத்தைத் திறந்த ஒன்பதாவது வினாடியில ஓடிடறாங்க," என்றார் டுவைட்.

கனடாவின் பனி நகரமான வின்னிபெக்கில் ஒரு பல்கலைக்கழகம். வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையத்தையும் அதன் இணையப் பக்கத்தையும் அங்கே ஒற்றை ஆளாகக் கட்டி மேய்ப்பவள் லோர்னா. இணையதளம் மொத்தத்துக்கும் அதிகாரி டுவைட். கணக்கில் மனுஷன் புலி. கணக்குக்குள்ளே இருப்பதும் மனுஷர்கள்தான் என்பது மட்டும் அடிக்கடி மறந்துபோகும்.

"மாசக் கடைசிக்குள்ள ஆளுங்களை நிக்க வைங்க. இல்லேன்னா மையமே தேவையில்லைன்னு மேலிடத்துல எழுதிடுவாங்க."

இரண்டு மாதமாக லோர்னாவைத் தேடி ஒருத்தரும் வரவில்லை என்பதும் உண்மைதானே.

சிரிக்கும் மாணவர்களின் படம் ஒன்றைப் பெரிதாக உச்சியில் போட்டாள். ஏழு வினாடியாகக் குறைந்தது. அடிபட்டு வருகிறவளை அந்தச் சிரிப்பு என்ன பாடுபடுத்தும் என்பது பிறகுதான் உறைத்தது. அடுத்து, டுவைட் சொன்னாரென்று துணைவேந்தரின் ஆறுதல் உரையைப் பக்கம் திறந்ததும் தானாக ஒலிக்க வைத்தாள். மூன்று வினாடி.

"துணைவேந்தர் பேசினா நானே ஓடிடுவேன்," என்று படத்தையும் உரையையும் எடுத்தாள் லோர்னா.

"அதை அறிக்கையில எழுதிடாதீங்க."

கணக்கைக் கிளறி டுவைட் திருடனைப் பிடித்துவிட்டார். மூலையில் 'உடனே வெளியேறு' என்று ஒரு பொத்தான். தொட்டால் பக்கம் மறைந்து வானிலை அறிக்கை வந்துவிடும். முக்கால்வாசிப் பேர் அதைத்தான் தொட்டிருந்தார்கள்.

"வின்னிபெக்ல ஜனவரியில வானிலை பாக்க ஜன்னல் போதாதா? எடுத்துடுங்க."

"ஆபத்துல இருக்கறவங்களுக்காக வச்சது, டுவைட்."

"முக்கால்வாசிப் பேருக்கா ஆபத்து? சலிச்சுப்போய் ஓடறாங்க. நாலு மணிக்குள்ள எடுத்துடுங்க."

தான் எழுதியதே சரியில்லையோ என்று லோர்னாவுக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

மூன்றரைக்குப் பொத்தானை நீக்க உட்கார்ந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். பூட்ஸில் பனியோடு ஒரு மாணவி. பெயர் மாரென் என்றாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த உதவிப் பக்கம் நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா. யாரும் படிக்கறதில்லைன்னு இப்பத்தான் மாத்தப்போறேன்."

"நான் படிச்சேன். ரெண்டு மாசமாப் படிச்சேன்." மாரென் கதவை மெல்லச் சாத்தினாள். "வீட்டுல அவன் காலடிச் சத்தம் கேட்டதும் வானிலைக்குப் போயிடுவேன். ஒரு தடவைக்கு ஒரு வரிதான் முடியும். உங்க அறை நம்பர் இருக்கற வரிக்கு நேத்துதான் வந்து சேந்தேன்."