பூட்டுப் போட்ட வீட்டுக் கணக்கு

திருகோணமலை,
12.03.2007

அன்பும் அடக்கமும் நிறைந்த மருமகன் சுகிர்தராசனுக்கு, மாமா குஞ்சித்தம்பி எழுதிக்கொள்வது. நானும் மாமியும் சுகம். ஊரடங்கு இல்லாத நாளில் மீனும் கிடைக்கிறது. உங்கள் சுகத்துக்குக் கோணேசரை வேண்டுகிறோம்.

நீங்கள் எனக்காகச் செய்த வீட்டுக் கணக்கு மென்பொருள் பற்றியே எழுதுகிறேன். "மாமா, கணக்கைச் சாதாரண எழுத்திலை வைப்பமா, ஆரும் எந்தக் கொம்பியூட்டரிலையும் வாசிக்கலாம், இல்லாட்டிப் பாஸ்வேட் போட்டுப் பூட்டின பைலா?" என்று கேட்டீர்கள். துறைமுகக் கந்தோரில் இரகசியக் கோவைகளைக் காத்தவன் என்ற திமிரில், "ஆரும் வாசிக்கிறதெண்டா அது கணக்கில்லை, நோட்டீஸ்" என்றேன். பூட்டு இருக்கிற துணிவில் செலவுத் தலைப்புகளுக்கு மனதில் பட்ட பெயரெல்லாம் வைத்தேன்.

போன செவ்வாய் அச்செடுக்க மென்பொருள், கணக்கு எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போக, சோதனைச் சாவடியில் பிடித்துத் தங்கள் கொம்பியூட்டரில் செருகிப் பார்த்தார்கள். முழுக்கச் சதுரமும் புள்ளியும். "இது என்ன சங்கேதம்?" மீன், மரக்கறிச் செலவு என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். மீன் எங்கே என்று கேட்டார்கள். மருமகன், உள்ளுக்குப் போடப்போறாங்கள் எண்டே நினைச்சனான். தெரிந்தவர் யாரையும் கூப்பிடச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு ஸைனுலாப்தீன் நானா கடையைப் பூட்டிப்போட்டு வெயிலுக்குள்ளே சைக்கிள் மிதித்து வந்து, "நல்ல மனிசன், நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியென்றால் நீ திற, இவர் வாசித்துச் சொல்லட்டும் என்றார் அதிகாரி. பாஸ்வேட்டைப் போட்டுத் திறந்தேன். முதல் தலைப்பு, "என்ர தலைமயிருக்கு டை, மனிசிக்குத் தெரியாது". அடுத்தது, "ஸைனுலாப்தீனின் ஓசித் தேத்தண்ணி". நானா கண்ணாடியைத் துடைத்துப்போட்டுத் திரும்பவும் வாசித்தார். பிறகு அதிகாரியிடம், "விருந்தாளி உபசாரம்" என்றார். விட்டுவிட்டார்கள்.

வரும் வழியிலை மனிசன் என்னை ஏத்தாமல் சைக்கிளை மிதிச்சு முன்னாலை போயிட்டார். நான் மன்னிப்பும் கேக்கேல்லை. அன்றையிலிருந்து வீட்டுப் பக்கம் வாறதுமில்லை. மாமி பின்னேரத்திலை ரெண்டு கோப்பை ஊத்துறா, நானாவின்ர கோப்பை ஆறிப்போகுது. வெட்கத்திலை எனக்குத் தேத்தண்ணி இறங்குதில்லை. ஆனபடியால் உடனே சாதாரண எழுத்துக்கு மாத்தித் தாங்கோ. ஆரும் வாசிக்கலாமெண்டாத்தான் நான் மரியாதையாய் எழுதுவன்.

சீரும் சிறப்புமாய் இருக்க ஆசீர்வதிக்கும்,
மாமா குஞ்சித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டப்போக நானா வந்திட்டார். "தேத்தண்ணி இருக்கா?" எண்டு கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கிறார். ஒண்டும் மாத்தவேண்டாம். தனக்கும் அந்த மென்பொருள் வேணுமாம், பூட்டுப் போட்டதுதான் வேணுமாம். அதிலை அவர் போடுற முதல் தலைப்பு என்ர பேரிலைதானாம்.