சம்பந்தியை க்ளினிக்குக்கு அழைத்துப் போனது பற்றி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் நலம். அங்கு உங்கள் வலது கை தானாகவே சட்டைப் பொத்தான் போடும் அளவுக்குத் தேறிவிட்டதாக மருமகள் சொன்னாள், மனம் குளிர்ந்தது. கூடவே, "அப்பா இனிமே உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டாராம் மாமா" என்றும் சொன்னாள். அது மட்டும் குளிரவில்லை. தனியாக இருக்கும் மனிதர் நீங்கள். உடம்பு முழுக்கத் தேறும்வரை எங்களோடுதான் இருக்க வேண்டும், அழைத்து வராமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். ஆகவே நடந்ததை என் வாயாலும் கேளுங்கள்.

பஸ் நிலையத்தில் முப்பத்தோரு வருஷம் நேரக் காப்பாளராக இருந்து, யார் எந்த வண்டியில் ஏற வேண்டும் என்று சொல்லி அனுப்பியவன் நான். அப்பேர்ப்பட்டவன் போன மாதம் அலமாரிக் கதவில் கட்டைவிரல் நசுங்கியதற்கு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டேன். வந்தவங்க விரலைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, "ஐயா, இதுக்குப் பக்கத்துத் தெரு க்ளினிக்குக்கு நடந்தே போயிருக்கலாமே"ன்னு மூணு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொல்லிட்டுப் போனாங்க. மானம் கப்பலேறிடுச்சு. அன்னைக்கே பஸ் அட்டவணை மாதிரி ஒண்ணு எழுதிச் சுவரில் ஒட்டினேன்: ரத்தம் கொட்டினால், மயங்கி விழுந்தால், அலறினால் ஆம்புலன்ஸ்; தும்மலுக்கு மருந்துக்கடை; மற்றதெல்லாம் க்ளினிக்.

நீங்க எங்க வீட்டில் தங்கியிருந்த அந்தக் காலையில் உங்க கையிலிருந்து காபிக் கோப்பை நழுவிச்சு, வாய் ஒரு பக்கமா இழுத்துச்சு, ஏதோ சொன்னீங்க, குழறலா இருந்துச்சு. நான் பதறவே இல்லை. வாட்சைப் பார்த்தேன், எட்டு பதினேழு. அப்புறம் அட்டவணையைப் பார்த்தேன். ரத்தம் இல்லை, மயக்கம் இல்லை, அலறலும் இல்லை. நீங்க அலறுகிற ஆளும் இல்லை. அப்போ க்ளினிக்தானே? கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் பெஞ்சில் உட்கார வச்சு டோக்கன் வாங்கினேன், இருபத்தேழு. உள்ளே அப்பத்தான் ஒன்பதாம் நம்பர் இருமிக்கிட்டிருந்தார். டாக்டரம்மா தற்செயலா வெளியே எட்டிப் பார்த்தாங்களோ, பிழைச்சோமோ! "இது பக்கவாதம் சார், ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். எப்போ ஆரம்பிச்சுது?"ன்னு கேட்டாங்க. நிமிஷம் பிசகாமல் சொன்னேன். சொல்லி முடிக்கலை, வாசலில் ஆம்புலன்ஸ்! அவ்வளவு கச்சிதமா இருந்தது என் ஏற்பாடு.

இருந்தாலும் அந்த அட்டவணையைக் கிழித்துப் போட்டாகிவிட்டது. இனி வாய் கோணினாலும், கை துவண்டாலும், பேச்சு குழறினாலும், நெஞ்சை அடைத்தாலும் நேரே ஆம்புலன்ஸ்தான். ஏசுகிறவர்கள் ஏசட்டும், வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். முன்னறையில் உங்களுக்குக் கட்டில் போட்டிருக்கிறது. ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு நானே காரோடு வருகிறேன், தயாராக இருங்கள். உங்களை இழந்திருப்பேனே, சம்பந்தி!

இரண்டு கையாலும் காபி குடித்துக்கொண்டு நீங்கள் நூறு வயது இருக்க வேண்டும் என வேண்டும்,
உங்கள் அன்புச் சம்பந்தி.

பின்குறிப்பு: அண்ணா, இது உங்கள் சம்பந்தியம்மா. தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், படித்துவிட்டேன். ஆம்புலன்ஸ் இவர் ஏற்பாடு இல்லை. இவர் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தபோதே நான் சமையலறையிலிருந்து போன் செய்தேன். திரும்பிப் பார்த்தால் உங்கள் இரண்டு பேரையும் காணோம். க்ளினிக்காகத்தான் இருக்கும் என்று வண்டியை அங்கே அனுப்பினேன். நேரம் குறித்து வைத்தது மட்டும் இவர்தான். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரே அதற்காகப் பாராட்டினார். அட்டவணையைக் கிழித்தது நான். பயப்படாமல் வாருங்கள் அண்ணா, நான் இருக்கிறேன். பதறவே இல்லை என்று எழுதியிருக்கிறாரே, ஆம்புலன்ஸ்காரர்கள் ஓடி வந்து முதலில் ஸ்ட்ரெச்சரில் படுக்க வைக்கப் பார்த்தது உங்களை இல்லை, இவரைத்தான்.